நாற்பதடிப் பெட்டியும் என் வாயும்

கன்டெய்னர் லோரித் தொழிலில் ஓட்டுவது கால்வாசி. மீதி முக்கால்வாசி காத்திருப்பதும், காத்திருந்ததற்குத் திட்டு வாங்குவதும்தான். விடியுமுன்னே சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறவர்களே, கிளினிக்கில் நம்பர் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறவர்களே, மேனேஜர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறைச் சுவரிடம் பதில் சொல்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என் ஆட்கள். உங்களிடம் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

நான் மல்லிகா. ஜோகூரின் பாசிர் கூடாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஒருநாள் எங்கள் உற்பத்தி லைனையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இயந்திரங்களைக் கழற்றிக் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போனதை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டியிலேயே எனக்கு ஒரு வேலை இருக்காதா என்று தோன்றியது. லைசென்ஸ் எடுத்தேன். எடுப்பதற்குள் சொந்தக்காரர்கள் சொன்னதை எல்லாம் எழுதினால் வேறு மாதிரிப் புத்தகமாகிவிடும். விடுங்கள்.

டிரைவர் எங்கே

முதல் வாரம். ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்குக் காலிப் பெட்டி கொண்டுபோனேன். வாசலில் நேப்பாளத்துக் காவலாளி. என்னைப் பார்த்தார், எனக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார், ஏறி வந்து இருக்கைக்குப் பின்னால் இருக்கும் திரையையும் விலக்கிப் பார்த்தார். பிறகு மலாயில், "டிரைவர் வந்ததும் ஹாரன் அடிங்க, கேட் திறக்கிறேன்" என்றார். நான் ஹாரனை அடித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடியும் அடித்தேன். கேட்டைத் திறந்துவிட்டார், என்ன செய்வது என்று தெரியாமல்.

அந்தத் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் மேடை ஒரு மூலையில் இருக்கிறது. ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி வளைத்து நுழைக்க வேண்டும். பழகின ஆட்களே ரெண்டு மூணு தடவை முன்னுக்கு வந்துதான் நுழைப்பார்கள். நானும் அப்படியே செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காவலாளி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கேண்டீன் அம்மா என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. கூட்டத்தின் முன் தோற்கப் பிடிக்கவில்லை. ஒரே தடவையில் நுழைத்தேன். மேடை ரப்பரில் ட்ரெய்லர் பொத்தென்று உட்கார்ந்தது. இறங்கி வந்து என் அடையாளக் கார்டை நீட்டினேன். காவலாளி என் பெயரை நிதானமாக எழுதிக்கொண்டு, மரியாதையோடு கேட்டார்: "சரி அக்கா, நாளைக்காவது டிரைவர் வருவாரா?"

பெட்டியைக் கண்டுபிடித்தவர்

எங்கள் கம்பெனியில் மூத்த டிரைவர் ரஹீம்; மலாய் வழக்கப்படி எல்லாருக்கும் அபாங், அதாவது அண்ணன். தாடி நரைத்தவர், தெரியாத ரோடு கிடையாது. துறைமுக வாசலில் வரிசை நகராமல் நின்ற ஒரு மதியத்தில், அவர் லோரியும் என் லோரியும் அடுத்தடுத்து நின்றன. இருவரும் இறங்கி நிழலில் நின்று ஆளுக்கொரு தே ஆயிஸ், அதாவது ஐஸ் டீ, குடித்தோம். பொழுது போகாமல், பயிற்சி வகுப்பில் கேட்டிருந்த ஒரு கதையை அவருக்குச் சொன்னேன்.

ஒரு காலத்தில் கப்பல் சரக்கு எல்லாம் மூட்டை மூட்டையாகத்தான் ஏறும், இறங்கும். சணல் மூட்டை, மரப்பெட்டி, பீப்பாய், ரப்பர் கட்டு, எல்லாம் மனுஷன் முதுகில். கப்பல் கடலில் போகிற நாளுக்குச் சமமாகக் கரையிலும் கட்டிக் கிடக்கும். அமெரிக்காவில் ஒரு லோரிக்காரர் பருத்தி மூட்டைகளோடு துறைமுகத்துக்குப் போனாராம். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, தூக்கி, கப்பலுக்குள் வைக்கிற வரைக்கும் பகல் பூராவும் காத்துக் கிடந்தாராம். ஏன் என் லோரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தாராம். பிற்பாடு பெரிய முதலாளியாகி, ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தட்டில் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் அளவில் பெட்டி செய்தது. ஒருவர் பெட்டி அடுத்தவர் வண்டியில் உட்காராது. அப்புறம்தான் எல்லா நாடும் சேர்ந்து ஒரே நீளம், ஒரே அகலம், மூலைத் துளைகூட ஒரே மாதிரி என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் சீனாவில் செய்த பெட்டி, ஐரோப்பாக் கப்பலில் வந்து, ஜோகூரில் என் ட்ரெய்லரின் பூட்டில் கச்சிதமாக உட்காருகிறது.

அபாங் ரஹீம் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிவிட்டு, எங்களுக்கு முன்னால் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்ற வரிசையைப் பார்த்தார். "லோரிக்காரன் காத்திருக்கக் கூடாதுன்னு இதைக் கண்டுபிடிச்சாரா? அவரைக் கூட்டிட்டு வந்து இங்க நிறுத்து. சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு கண்டுபிடிச்சிடுவார்."

ஒரு சாவி

எங்கள் லோரிகள் நிற்கும் யார்டில் ஆண்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தது. அதைக் கழிப்பறை என்று சொல்வது அதன் மேல் வைத்த மரியாதை. ஆபீசுக்குள் சுத்தமான ஒன்று உண்டு. அது ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும், சாவி கிளார்க்கிடம். கேட்டேன். "டிரைவர்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குலா, அக்கா" என்றாள். அந்த ரூல் போட்ட காலத்தில் பெண் டிரைவர் இல்லை என்றேன். அதற்கு ரூல் மாறவில்லையே என்றாள். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். பெண்கள் இதைப் படித்தால் அடுத்து என்ன ஆயிருக்கும் என்று தெரியும்: நீர்க்கடுப்பு, கிளினிக், ஊசி, மருந்து, டாக்டரிடம் திட்டு.

மறுநாள் லோரியை ஆபீஸ் வாசலுக்கு நேரே கொண்டுவந்து, கதவை அடைத்தாற்போல நிறுத்தினேன். பெட்டியோடுதான். எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்த முதலாளியின் கார் நகர முடியவில்லை. எங்கள் தௌக்கே, அதாவது முதலாளி, சத்தம் போடாத சீனர். ஜன்னல் வழியாக மலாயில் கேட்டார்: "மல்லி, லோரியை எப்ப எடுப்பே?" "டாய்லட் போயிட்டு வந்து எடுக்கிறேன் பாஸ். சாவிதான் இல்ல." அவருக்கு விஷயம் உடனே புரிந்தது. சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கிளார்க் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு ஒரு சாவி வெட்டிக் குடு. இல்லேன்னா அடுத்த தடவை லோரியோடயே உள்ள வந்துடுவாங்க" என்றார்.

கடலுக்கு மேனேஜர்

ஜோகூர் பாருவில் விளக்குக் கடை வைத்திருக்கும் ஒரு செட்டியார் எங்கள் வாடிக்கையாளர். குத்துவிளக்கு, பித்தளைத் தாம்பாளம், அகல் விளக்கு எல்லாம் இந்தியாவிலிருந்து கன்டெய்னரில் வரும். தீபாவளி நெருங்கிவிட்டது. பெட்டியை எடுத்துவர நான் போவதாகத் தெரிந்ததும் என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். அவர் மகன், கப்பல் எங்கே போகிறது என்று பார்க்கும் ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். அதுதான் எனக்கு வந்த சனி.

"ஏம்மா மல்லிகா, கப்பல் வந்துருச்சு. நான் பார்த்துட்டேன். நம்ம ஊர் கடல்லதான் நிக்குது. நீ போய் எடுத்துட்டு வந்துடு" என்றார். நின்றால் போதாது செட்டியார், கரைக்கு வர வேண்டும் என்றேன். "பின்னே ஏன் வரல? எதிர்லயே இருக்கு, நீந்தியே வந்துடலாம் போல." அங்கே நீரிணை குறுகல். எத்தனை வருஷம் கப்பல் ஓட்டிய கேப்டனாக இருந்தாலும் தானாக உள்ளே வர முடியாது. இந்தத் தண்ணீரின் ஆழமும் ஓட்டமும் தெரிந்த துறைமுக மாலுமி ஒருவர் படகில் போய், கயிற்று ஏணியில் ஏறி, கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்ல வேண்டும். கரையிலும் இடம் காலியாக வேண்டும், இழுவைப் படகு வர வேண்டும். இதெல்லாம் சொன்னேன். அரை மணிக்கொரு தரம் அழைத்தார், அரை மணிக்கொரு தரம் சொன்னேன். கடைசியில் எங்கள் ஆபீசுக்குப் புகார் போனது. என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். லோரியில் தப்புச் செய்தால் கேட்பேன், கடலுக்காகக் கேட்க மாட்டேன் என்றேன்.

தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது பெட்டியைக் கொண்டுபோய் அவர் கிடங்கில் இறக்கினேன். மனுஷர் உடைந்த அகல் ஏதும் உண்டா என்று பார்த்து, நிம்மதியாகி, எனக்கு ஒரு தட்டு முறுக்கு வைத்தார். ஆனாலும் விடவில்லை. "இவ்வளவு சொல்றியே. கடலுக்கும் ஒரு மேனேஜர் இருப்பான்ல, அடுத்த தடவை அவன்கிட்ட நேரா பேசிடு."

நாலில் மூணு

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னது. இதை அப்படிச் சொல்ல முடியாது.

ட்ரெய்லரின் நாலு மூலையிலும் ஒரு பூட்டு உண்டு. பெட்டியின் அடித் துளைக்குள் பூட்டின் தலை நுழையும். கைப்பிடியைத் திருப்பினால் தலை குறுக்கே திரும்பிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. நாற்பதடிப் பெட்டி, சரக்கோடு, லோரி மேல் நிற்பது அந்த நாலு இரும்புத் துண்டை நம்பித்தான். அன்று காலை எனக்குக் கொடுத்த ட்ரெய்லரில் பின்பக்க இடது பூட்டு திரும்பவில்லை. குனிந்து பார்த்தேன். தலையில் பாதி தேய்ந்து போயிருந்தது. கைப்பிடி மட்டும் பேருக்கு ஆடியது. பெட்டி ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருந்தது, முழுச் சரக்கு.

எங்கள் சூப்பர்வைசர் குமரன் என்னைவிட வயதில் இளையவர். கெட்டவர் இல்லை; மேலே இருந்து திட்டு வாங்கி, கீழே அனுப்பி வைக்கிறவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூணு பிடிக்குதுலா அக்கா. இதே ட்ரெய்லர்தான் போன மாசம் பூரா ஓடுச்சு, ஒண்ணும் ஆகல. நாளைக்குள்ள கப்பலுக்கு ஏத்தணும், வேற ட்ரெய்லர் இல்ல" என்றார். நான் போக வேண்டிய வழியில் ஒரு வளைவு இறக்கம் இருக்கிறது. ஷிஃப்ட் விட்டால் தொழிற்சாலை ஆட்கள் நூற்றுக்கணக்கில் மோட்டார் சைக்கிளில் அங்கேதான் வருவார்கள், எங்கள் டயரை உரசிக்கொண்டு. வளைவில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

"எடுக்க மாட்டேன் குமரன்." "எடுக்கலன்னா வீட்டுக்குத்தான் போகணும்." சாவியை அவர் மேசையில் வைத்தேன். வாசல் வரை போனபோது பின்னாலிருந்து கேட்டார்: "அக்கா, நீங்க லோரி ஓட்ட வந்தீங்களா, இன்ஜினியர் வேலைக்கு வந்தீங்களா?"

வேறு ரோடு

என் வீட்டுக்காரர் சேகருக்கு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பகலில் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, குமரன் சொன்னதையே அவரும் கேட்டார். "மூணு பூட்டு இருந்துச்சுல்ல? கொஞ்சம் மெதுவா ஓட்டியிருக்கலாம். வேலை போயிடுச்சுன்னா என்ன செய்யறது மல்லி?"

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது. நியாயமாகக் கேட்கிறவர் மேல்தான் கோபம் அதிகமாக வருகிறது. "ஏங்க, அந்த வளைவுலதான நீங்களும் தினம் வர்றீங்க? நாளைக்கு அந்த லோரி உங்களுக்குப் பக்கத்துல வருதுன்னு வச்சுக்குங்க. அதோட இடது பக்கமா வருவீங்களா?" என்றேன். சேகர் எழுந்துபோய் ஹெல்மெட்டைத் துடைத்தார், திரும்ப மாட்டினார், திரும்ப எடுத்தார். வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த ட்ரெய்லர் நம்பர் மட்டும் சொல்லு. நான் வேற ரோட்ல வந்துக்கிறேன்."

ரஹீம் இறங்கினார்

மறுநாளும் வழக்கமான நேரத்துக்கு யார்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், வராதே என்று சொல்லவில்லையே. அந்த ட்ரெய்லர் அதே இடத்தில் நின்றது, மேலே அதே பெட்டி. அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டிரைவர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், பெட்டிக்குச் சாமி கும்பிடுகிறேனா என்று கேட்டார். முந்தின நாள் அபாங் ரஹீமும், "பொம்பளைங்க எல்லாத்தையும் ரொம்ப யோசிப்பாங்க" என்று சொன்னதாகக் காதில் விழுந்திருந்தது. அந்த மனுஷர் சொன்னது மட்டும் வலித்தது.

கப்பல் கிளம்பும் நேரம் நெருங்க, குமரன் சாவியை ரஹீமிடம் கொடுத்தார். ரஹீம் என்னைப் பார்க்காமலே ஏறினார். எஞ்சின் உறுமியது. போய்விடும் என்றுதான் நினைத்தேன். எழுந்து குறுக்கே நிற்கலாமா என்றுகூட யோசித்தேன். எஞ்சின் நின்றது. ரஹீம் இறங்கி, பின்பக்கம் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். பூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து வந்து சாவியைக் குமரன் கையில் திரும்ப வைத்தார். "நீங்களுமா அபாங்? போன மாசம் நீங்கதானே இதை ஓட்டினீங்க?" என்றார் குமரன். ரஹீம் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "போன மாசம் தெரியாம ஓட்டினேன். இப்ப தெரிஞ்சு ஓட்டச் சொல்றே. அது வேற வேலை, தம்பி. அதுக்கு நான் வரல."

அவருக்குப் பிறகு வேறு யாரும் அந்தச் சாவியை வாங்கவில்லை. அன்று பெட்டி கப்பலைத் தவறவிட்டது. தௌக்கே வந்தார், குனிந்து பார்த்தார், குமரனிடம் தனியாகப் பேசினார். பெட்டியை இறக்கிய பிறகு வெல்டிங் ஆள் வந்து பழைய பூட்டை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தினார். அவர் வேலையை முடித்துக் கையைத் துடைத்தபடி எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "இந்தச் சின்ன இரும்புக்கா இத்தனை பேர் நிக்கிறீங்க?" என்றார்.

சும்மா சொல்லிப் பார்த்தது

பெட்டி விழுந்து, என் பேச்சு பலித்தது என்று முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்றுதான் நான் சண்டை போட்டேன். ஆனால் நடக்காததற்கு யாரும் பாராட்ட மாட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை. பல மாதங்களுக்குக் காசு குறைந்த காலிப் பெட்டிகள்தான் கொடுத்தார்கள். வெயிலில் நீண்ட வரிசை எங்கே இருக்கிறதோ அங்கே மல்லிகா. ஒருதடவை மன்னிப்புக் கேட்டால் நல்ல ஓட்டம் திரும்பக் கிடைக்கும் என்று தூது வந்தது. காலிப் பெட்டி இலேசாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்று பதில் அனுப்பினேன். பிடிக்கவில்லை. அது அவர்களுக்கு எதற்கு?

இதற்கிடையில் குமரன் எல்லா டிரைவர்களையும் கூட்டி, இனிமேல் கிளம்பும் முன் நாலு பூட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அறிவித்தார். தானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி, கையை எல்லாம் ஆட்டி. பின்வரிசையில் ரஹீம் என்னைப் பார்த்துத் தாடியைத் தடவினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

இப்போது எனக்கு முழுப் பெட்டிகள் திரும்பக் கிடைக்கின்றன. மன்னிப்புக் கேட்டுக் கிடைத்ததல்ல. ரெண்டு டிரைவர்கள் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார்கள், ஆள் இல்லை. போன வாரம் நல்ல மழை. குடையோடு வந்த குமரன், "அக்கா, நாலு பூட்டும் நானே பார்த்துட்டேன். நனையாம கிளம்புங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு இறங்கி, நாலு மூலைக்கும் போய், நாலையும் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து ஏறினேன். அவர் குடையைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "தெரியும்லா அக்கா. சும்மா சொல்லிப் பார்த்தேன்" என்றார்.

'முடியாது' என்பதை எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் இந்தத் தொழிலில் அதற்குத் திமிர் என்றுதான் பெயர், அதனால் பணிவை நான் இப்போதெல்லாம் வேறு செலவுகளுக்கு மிச்சம் பிடித்து வைக்கிறேன்.